நாள் முழுக்கத் தூங்குகிறார், நண்பர்களை வரச் சொல்லலாமா?

கேள்வி: கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறோம். என் கணவரின் அப்பாவுக்கு 74 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். மூளையில் கிளியோபிளாஸ்டோமா கட்டி. சிகிச்சையை நிறுத்தி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். எந்நேரமும் தூக்கம், இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. குழாய் வழியாக உணவு கொடுக்கலாமா? அவருடைய கிரீ பூர்வகுடி நண்பர்கள் வந்து, சேஜ் என்ற மூலிகை இலையைக் கொளுத்திப் புகை காட்டிப் பிரார்த்திக்க விரும்புகிறார்கள். மூக்கில் ஆக்சிஜன் ஓடுவதால் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்புப் பொறியே கூடாது. குழாயைக் கழற்றினாலும் போர்வையிலும் சட்டையிலும் ஆக்சிஜன் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். இந்த நோயில் பலருக்கு ஆக்சிஜன் கட்டாயமில்லை. மூச்சுத் திணறல் இல்லையென்றால், சற்று நேரம் நிறுத்தலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். சரி என்றால் முன்கூட்டியே நிறுத்தி, மெஷினை வெளியே வைத்து, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். நிறுத்தவே முடியாதென்றால் வாசலில் கொளுத்தட்டும், கொளுத்தாத இலையை அவர் கையில் வைக்கட்டும். கிரீ பெரியவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கனடாவில் பல மருத்துவமனைகள் இப்படிப் புகை காட்டுவதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கின்றன. அந்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் வைத்த 94 கோரிக்கைகளில் 22-ஆவது, பூர்வகுடி நோயாளிகள் கேட்டால் அவர்களின் வைத்திய முறைகளுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பதுதான். உங்கள் மாமனாருக்கு அந்த எண்கூட மனப்பாடமாக இருக்கும்.

குழாய் உணவு வேண்டாம். சாப்பிடாததால் அவர் தளரவில்லை, நோய் முற்றியதால் பசி போய்விட்டது. குழாயில் ஊற்றினால் உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்துதான் மிஞ்சும். கேட்டால் ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீம் கொடுங்கள், உதட்டை ஈரமாக வைத்திருங்கள், அது போதும்.

தூக்கமும் கட்டியின் வேலைதான். இதே கட்டி வந்த பாடகர் கார்ட் டவ்னி 2016 கோடையில் கனடாவின் பல நகரங்களில் கச்சேரி செய்தார், கிங்ஸ்டன் மேடையிலிருந்தே பூர்வகுடிகளுக்காகப் பிரதமரிடம் முறையிட்டார். மறு வருடம் அக்டோபரில் இறந்தார். நன்றாக இருந்தவர் சில வாரங்களில் தளர்ந்துவிடுவது இதில் வழக்கம். நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை. எந்த நேரத்தில் கொஞ்சம் தெளிவாக இருக்கிறார் என்று கவனியுங்கள். நண்பர்களை அப்போது வரச் சொல்லுங்கள், இருவர் இருவராக, கால் மணி நேரம். கண் திறக்காவிட்டாலும் பேசட்டும், பாடட்டும். காது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மாத்திரை விழுங்க முடியாத நாளில் வலிப்பு மருந்தும் நின்றுபோகும். வலிப்பு வந்தால் அதை அடக்கக் கன்னத்துக்குள் விடும் மிடாசோலம் மருந்தை இன்றே கேட்டு வாங்கி வையுங்கள். எவ்வளவு, எப்போது என்று வீட்டில் இரண்டு பேராவது நர்ஸிடம் கற்றுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் கூப்பிட வேண்டிய எண்ணைக் கட்டிலருகே ஒட்டிவிடுங்கள்.