தருமமடத்தை இடிக்க முற்படுகிறார்கள்: ஊரார் என்ன செய்யலாம்?

கேள்வி: யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் ஊர்ச் சந்தியிலுள்ள வழிப்போக்கர் மடம் 1890களில் கட்டப்பட்டது. அதைப் பராமரித்த முகாமையாளரின் வாரிசுகள் கடைத்தொகுதி அமைப்பதற்காக அதை இடிக்கவிருக்கிறார்கள். ஊரவர்கள் கையெழுத்துத் திரட்டி வருகிறோம். சட்டப்படி தடுக்க முடியுமா?

பதில்: கையெழுத்துகள் ஊரின் விருப்பத்தைக் காட்டுமேயன்றி இடிப்பதைத் தாமாகத் தடுக்கமாட்டா. பலரும் முதலில் நாடுவது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தை. அது 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே இயல்பாகப் பழைமைச் சின்னமாகக் கருதுவதால், உங்கள் மடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கும் வர்த்தமானி (அரச இதழ்) பிரகடனம் வேண்டியிருக்கும். தொல்லியல் திணைக்களத்திற்கு இன்றே எழுதுங்கள்; ஆனால் அதை மட்டும் நம்பியிராதீர்கள். புகழ்பெற்ற பழைய கட்டடமான நல்லூர் மந்திரி மனை 2025 இல் மழைக்கு ஓரளவு இடிந்து வீழ்ந்ததைப் பார்த்த நமக்கு, பெயரும் புகழும் ஒரு கட்டடத்தைத் தாங்கிப்பிடிக்கமாட்டா என்பது தெரியும்.

என் கருத்தில் உங்கள் வலுவான ஆயுதம் காணிப் பதிவகத்தில் இருக்கலாம். அக்காலத்தில் மடம் அமைத்தவர்கள் சிலர் தருமசாதன உறுதி, அதாவது ஆதனத்தைப் பொதுத் தருமத்திற்கு விடும் பத்திரம், எழுதிவைத்தார்கள். காணியின் பதிவேட்டுப் பக்கங்களைத் தேடி அத்தகைய உறுதி கிடைத்தால், வாரிசுகள் உரிமையாளர்கள் அல்லர், தருமத்திற்காக ஆதனத்தைக் காக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர்களே என்று வாதிடலாம். பொதுத் தருமத்திற்கு விடப்பட்ட ஆதனத்தைத் தனிப்பட்ட இலாபத்திற்கு மாற்றுவது 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் நம்பிக்கை மீறலாகும். அச்சட்டம் சட்டமா அதிபருக்கு மட்டுமன்றி, தருமத்தில் அக்கறையுள்ள ஐவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ வழக்காட வழி தருகிறது. தருமம் சமயஞ் சார்ந்ததாயின் முன்நிபந்தனைகள் வேறுபடும் என்பதால், உறுதியின் வாசகங்களைச் சட்டத்தரணியொருவர் பார்த்த பின்னரே மனுவை வரையவேண்டும். வழக்குடன் இடைக்காலத் தடையுத்தரவையும் மாவட்ட நீதிமன்றத்திடம் கோருங்கள். மடம் இடிந்தபின் கிடைக்கும் தீர்ப்பால் பயனில்லை.

உறுதி அகப்படாவிட்டால் நிலைமை கடினமே. அப்போது மடம் நெடுங்காலம் பொதுப் பாவனையில் இருந்ததை முதியோரின் சத்தியக்கடதாசிகள், பழைய நிழற்படங்கள், திருவிழாக்காலத் தண்ணீர்ப்பந்தல் கணக்குகள் போன்றவற்றால் நிறுவ முயலலாம். எனினும் வெறும் தனியார் வீடாக இருந்ததென்று மறுதரப்பு காட்டிவிட்டால், விலைக்கு வாங்குவதோ பேச்சுவார்த்தையோதான் எஞ்சும்.

இதற்கிடையில் பிரதேச சபையில் கட்டட அனுமதி விண்ணப்பம் உள்ளதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு, ஆட்சேபனையைத் தவிசாளருக்கும் செயலாளருக்கும் பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாசலை மறித்து நிற்கவோ வளவுக்குள் நுழையவோ வேண்டாம். அத்துமீறல் முறைப்பாடொன்று பதிவானால் நீதிமன்றில் உங்கள் பக்கமே பலவீனப்படும்.