100 டாலருக்குள் பாஸ் மீனுக்கு எந்த ரீல்? – தூண்டில் கேள்வி பதில்

டாலஸ் வாசகர்: வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் லார்ஜ்மவுத் பாஸ் நன்றாகக் கிடைக்கிறது என்கிறார்கள். இப்போதுதான் தொடங்குகிறேன். ரீலுக்கு மட்டும் 60 டாலர் செலவழிக்கலாம். ஸ்பின்னிங் ரீல் வாங்கவா, பெயிட்காஸ்டர் வாங்கவா?

ஸ்பின்னிங் ரீல்தான். 2500 அளவு எடுங்கள்; அது ரீலின் பருமனைச் சொல்லும் எண்.

பெயிட்காஸ்டரில் இரை பறக்கும்போது ஸ்பூலும், அதாவது நரம்பு (தூண்டில் நூல்) சுற்றியிருக்கும் சக்கரமும், சேர்ந்து சுழல வேண்டும். கால் அவுன்ஸ், அதாவது 7 கிராமுக்குக் குறைந்த இரைக்கு மலிவான பெயிட்காஸ்டரின் கனமான ஸ்பூலைச் சுழற்றும் வலு கிடையாது. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாமல் நிற்க, நரம்பு மட்டும் வளையம் வளையமாகக் கழன்று போகும். அதனால் 3 கிராம் ஜிக்கும் (ஈயத்தலை வைத்த தூண்டில் முள்) போகும், அரை அவுன்ஸ் கிராங்க்பெயிட்டும் (இழுக்கும்போது தண்ணீருக்குள் முங்கும் மீன் வடிவச் செயற்கை இரை) போகும். பாஸுக்கு ஆரம்பத்தில் அதிகம் பயன்படுவது 5 அங்குல ரப்பர் புழு. ஈயம் எதுவும் கட்டாமலே அது ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். ஸ்பின்னிங் ரீலில் எந்தத் தொல்லையும் இல்லாமல் வீசலாம்.

இந்த விலையில் ஷிமானோ சியன்னா, டைவா ரெவ்ரோஸ் எல்டி, ஃப்ளூகர் பிரசிடெண்ட் மூன்றும் நம்பி வாங்கக்கூடியவை. மூன்றில் மலிவு சியன்னா. பிரசிடெண்ட் உங்கள் 60 டாலருக்குள் தள்ளுபடியில் வந்தால் அதையே எடுங்கள். டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) மிருதுவாக இருக்கும். ஃப்ளூகர் தன் ரீல்களில் 25, 30 என்றுதான் அளவு போடும். 30 வாங்குங்கள்.

அளவு எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டைவாவின் பழைய 2500, ஷிமானோவின் 2500-ஐ விடப் பெரியது. எல்டி வரிசை வந்த பிறகுதான் அது சிறுத்தது. எண்ணை விட்டுவிட்டு ஸ்பூலில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவைப் பாருங்கள். 8 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு 140 கஜம் அளவுக்குப் பிடிக்க வேண்டும். ரீலின் எடை 10 அவுன்ஸுக்குள் இருந்தால், நாள் முழுக்க வீசினாலும் மணிக்கட்டு வலிக்காது.

நியூ ஜெர்சி வாசகர்: 40 டாலருக்கு 12+1 பேரிங் ரீல் இணையத்தில் கிடைக்கிறது. பெயர் பெற்ற கம்பெனியின் 40 டாலர் ரீலில் 3+1 தான். பேரிங் கூடுதலாக இருப்பது நல்லதுதானே?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடுவதற்காகவே சேர்க்கப்படும் எண் அது. 40 டாலருக்குள் 12 பேரிங் வைக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு மலிவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை செய்யும் இடங்கள் நாலைந்துதான்: முதன்மை கியரின் இரு பக்கம், பினியன் (அதோடு சேரும் சிறு பல்சக்கரம்), நரம்பு உருளை (நரம்பு ஸ்பூலுக்குத் திரும்பும் இடத்திலுள்ள சிறு உருளை). "+1" என்பது கைப்பிடி பின்னால் திரும்பாமல் தடுக்கும் உருளை கிளட்ச். கைப்பிடியின் குமிழிலோ அதிகம் அசையாத மூலையிலோ வைத்த பேரிங் எண்ணிக்கையைத்தான் கூட்டும்.

பணத்துக்கான மதிப்பை டிராக்கில் தேடுங்கள். கடையில் நரம்பு சுற்றிய ரீல் மாட்டிய ராடு (தூண்டில் கோல்) இருந்தால் இப்படிச் சோதிக்கலாம். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் நரம்பின் நுனியைக் கட்டி, ராடை உயர்த்திப் பிடித்து, தராசு இரண்டரை பவுண்டு காட்டும்போது நரம்பு கழலும்படி டிராக்கைத் திருகி வையுங்கள். பிறகு மெதுவாக இழுத்துக்கொண்டே முள்ளைக் கவனியுங்கள். நல்ல டிராக்கில் முள் இரண்டரையில் ஏறி அங்கேயே நிற்கும். மோசமான டிராக்கில் நாலு வரை ஏறி, "டக்" என்று விட்டு, இரண்டுக்கு இறங்கி, மறுபடி ஏறும். அந்தத் தாவல்தான் கரையோரம் வந்த மீன் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும்போது முடிச்சை அறுக்கிறது.

"அதிகபட்ச டிராக் 30 பவுண்டு" போன்ற விளம்பரத்தையும் விட்டுத்தள்ளுங்கள். நரம்பின் தாங்குதிறனில் 25 முதல் 30 சதவீதம்தான் டிராக் வைப்போம். 10 பவுண்டு நரம்புக்கு அது மூன்று பவுண்டைத் தாண்டாது.

அட்லாண்டா வாசகர்: என் ஸ்பின்னிங் ரீலின் கியர் விகிதம் 5.2:1. நண்பரின் பெயிட்காஸ்டர் 7.1:1. என்னுடையது மெதுவான ரீலா?

இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் நரம்பை இழுக்கின்றன. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் எத்தனை சுற்று விழும் என்பதை மட்டும்தான் கியர் விகிதம் சொல்கிறது. ஒரு சுற்றின் நீளம் ஸ்பூலின் விட்டத்தைப் பொறுத்தது.

கணக்குப் போடுவோம். நரம்பு நிறைந்த 2500 ஸ்பூலின் விட்டம் 45 மில்லிமீட்டர் என்று வையுங்கள். சுற்றளவு 141 மி.மீ. அதை 5.2-ஆல் பெருக்கினால் 733 மி.மீ., சுமார் 29 அங்குலம். பெயிட்காஸ்டர் ஸ்பூல் 33 மி.மீ. என்றால் சுற்றளவு 104 மி.மீ. 7.1-ஆல் பெருக்கினால் அதுவும் 29 அங்குலம். ஆகவே வாங்கும்போது விகிதத்தைக் கேட்காதீர்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். அரை ஸ்பூல் நரம்போடு இருக்கும் ரீல் அந்த அளவை எட்டாது.

ஒரே ரீல் வைத்திருப்பவருக்கு 28 முதல் 30 அங்குலம் போதும். ஆழத்தில் போகும் பெரிய கிராங்க்பெயிட் தண்ணீரில் கனமாக இழுக்கும். அதற்கு 5-க்குப் பக்கத்து விகிதமுள்ள பெயிட்காஸ்டர் கையை நோகடிக்காது. புல்லுக்குள் ஜிக் போட்டு, கடித்ததும் தளர்ந்த நரம்பைச் சட்டென வாரி இழுப்பவர்கள் 8:1 தேடுவார்கள். அது இரண்டாவது, மூன்றாவது ரீல் வாங்கும்போது யோசிக்க வேண்டியது.

ஹூஸ்டன் வாசகர்: 55 டாலருக்கு ஒரு பெயிட்காஸ்டர் வாங்கினேன். நாலு வீச்சுக்கு ஒருமுறை நரம்பு சிக்கல் விழுந்து பாதி நேரம் அதைப் பிரிப்பதிலேயே போகிறது. ரீல் மோசமா, என் கை மோசமா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. அமைப்புதான் தவறாக இருக்கும். காற்று தடுப்பதால் இரையின் வேகம் குறையும். ஸ்பூலின் வேகம் குறையாவிட்டால், போகிற நரம்பைவிட அவிழ்கிற நரம்பு அதிகமாகி உள்ளேயே சுருண்டு கொள்ளும். இதுதான் பேக்லாஷ்.

முதலில் நரம்பை மாற்றுங்கள். பழகும்வரை 12 அல்லது 14 பவுண்டு நைலான். ஃப்ளூரோகார்பன் நரம்பு விறைப்பானது, ஒருமுறை மடங்கினால் அந்த இடத்திலேயே அறும். பிரெய்டு (மெல்லிய இழைகளைப் பின்னிய நரம்பு) தனக்குள்ளேயே புதைந்துகொள்ளும். ஸ்பூலை முக்கால் பாகம் மட்டும் நிரப்புங்கள். எடை குறைந்த ஸ்பூலை அடக்குவது எளிது.

அடுத்து, அரை அவுன்ஸ் இரையைக் கட்டி, ராடைக் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே பிடியுங்கள். கட்டைவிரல் பொத்தானை அழுத்தினால் இரை நிதானமாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். அதுவரை கைப்பிடிப் பக்கமிருக்கும் சிறிய திருகை இறுக்குங்கள். இரையின் எடை மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்துக் காந்த பிரேக்கை 10-க்கு 8-இல் வையுங்கள். உங்களுடையது காந்தமில்லாமல் உள்ளே முளைகள் கொண்ட மையவிலக்கு பிரேக் என்றால், ஆறில் நாலை, எதிரெதிர் ஜோடியாக, வேலை செய்யும் நிலைக்குத் தள்ளுங்கள். தூரம் குறையும், கவலைப்படாதீர்கள். சிக்கல் நின்றபின் ஒவ்வொரு புள்ளியாகக் குறைக்கலாம்.

சிக்கல் எப்போது விழுகிறது என்பதைக் கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். வீசிய உடனே விழுந்தால், மணிக்கட்டை வெடுக்கென்று சுண்டுகிறீர்கள் அல்லது பிரேக் போதவில்லை. பக்கவாட்டில், ராடு வளைந்து நிமிரும்படி நீளமாக வீசுங்கள். பாதி வழியில் விழுந்தால் எதிர்க்காற்று, அல்லது இரை மிக லேசு. இரை தண்ணீரில் விழும்போது சிக்கினால் கட்டைவிரல் தாமதமாக இறங்குகிறது. விழுவதற்கு ஒரு கணம் முன்பே ஸ்பூலை அமுக்கி நிறுத்துங்கள்.

நரம்பை வீணாக்காமல் பழக ஒரு வழி உண்டு. புல்வெளியில் முடிந்தவரை தூரம் வீசுங்கள். அதற்குமேல் நாலைந்து கஜம் உருவிவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருக்கும் நரம்பின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, உருவியதைச் சுற்றிவிடுங்கள். இனி எந்தச் சிக்கலும் டேப்புக்குக் கீழே இறங்காது.

விழுந்த சிக்கலை நகத்தால் நோண்டாதீர்கள். டிராக்கை முழுக்க இறுக்கி, கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தியபடியே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். மடிந்த வளையங்கள் நேராகும். பொத்தானை அழுத்தி நரம்பை உருவுங்கள், தடுத்தால் மறுபடி அதையே செய்யுங்கள். பெரும்பாலான சிக்கல் இப்படியே அவிழும்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் நரம்பு நழுவிப் போனால், அது ரீலின் குறை. மாற்றிவிடுங்கள். ஷிமானோ எஸ்எல்எக்ஸ், டைவா ஃபியூகோ சிடி போன்றவை 100 டாலரை ஒட்டிய விலையில் வந்தவை. பழைய இருப்பு தள்ளுபடிக்கு வரும்போது பாருங்கள். இந்த வேலைக்கு அந்தக் கூடுதல் பணம் தகும்.

சார்லட் வாசகி: நான் வலது கைக்காரி. பெயிட்காஸ்டரை இடது கைப்பிடியோடு வாங்கலாமா? பிறகு மாற்ற முடியுமா?

மாற்ற முடியாது. ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியை எந்தப் பக்கமும் மாட்டலாம். பெயிட்காஸ்டரை வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். வலது கையால் வீசி இடது கையால் சுற்றினால் ராடைக் கை மாற்ற வேண்டியதில்லை; இரை விழுந்த கணத்தில் கடிக்கும் மீன் தப்பாது. ஸ்பின்னிங்கில் இடது கையால் சுற்றிப் பழகியிருந்தால் தயங்காமல் இடது கைப்பிடியே வாங்குங்கள்.

டொராண்டோ வாசகர்: பிரெய்டு நரம்பின் விலை ரீல் விலையில் பாதி வருகிறதே. செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. 10 பவுண்டு பிரெய்டு அவ்வளவு மெல்லியது. 2500 ஸ்பூலை முழுக்க அதனால் நிரப்பினால், ஒருநாளும் தண்ணீரைப் பார்க்காத நரம்புக்குப் பணம் கொடுத்ததாகும். அடியில் மலிவான 8 பவுண்டு நைலானை 80, 90 கஜம் சுற்றி, இரட்டை யூனி முடிச்சு (இரண்டு நரம்புகளை இணைக்கும் முடிச்சு) போட்டு, மேலே 150 கஜம் பிரெய்டு சுற்றுங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழே நிற்கும்.

அடியில் நைலான் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெற்று உலோகத்தில் பிரெய்டு பிடிக்காது. மொத்தக் கண்டும் ஸ்பூலைச் சுற்றி வழுக்கும். டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லையே என்று ரீலைத் திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ரீலில் குறை இருக்காது.

ஒரு பருவம் முடிந்ததும் பிரெய்டைக் கழற்றித் தலைகீழாகச் சுற்றுங்கள். வெயிலும் பாறையும் படாத அடிப்பாதி மேலே வரும். ஒரே விலையில் இரண்டு பருவம். நுனியில் 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் 6 அடி கட்டினால் போதும்.

வீசியபின் பெயில் கம்பியை (ஸ்பூலின்மேல் மடங்கி நரம்பைப் பிடிக்கும் வளைந்த கம்பி) கையால் மூடி, நரம்பை லேசாக இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடும்போது ஸ்பூலில் ஒரு தளர்ந்த வளையம் தங்கும். அடுத்த வீச்சில் அது பத்து வளையத்தை இழுத்துக்கொண்டு முடிச்சாக வெளியே வரும். விலை கொடுத்து வாங்கிய பிரெய்டு பெரும்பாலும் இப்படித்தான் கத்தரிக்கோலுக்குப் போகிறது.

மிஷிகன் வாசகர்: பழைய ஸ்பின்னிங் ரீல் ஒன்று 25 டாலருக்குக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

கைப்பிடியை மெதுவாகச் சுற்றி விரலில் உணருங்கள். மணல் அரைப்பதுபோல் தட்டுப்பட்டால் கியர் பல் தேய்ந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். பெயில் கம்பி பாதியில் நிற்காமல் மடக்கென்று மூட வேண்டும். நரம்பு உருளையை விரல் நுனியால் தள்ளுங்கள். சுழலாத உருளை நரம்பை முறுக்கி, தேய்த்து அறுக்கும். ஆனால் ஒரு சொட்டு எண்ணெயில் சரியாகிவிடக்கூடிய குறை அது. அதைக் காட்டி 5 டாலர் குறைக்கக் கேட்கலாம்.

உங்கள் ஊருக்கென்று ஒன்று: நவம்பர் குளிரில் கைப்பிடி திடீரெனப் பின்னால் திரும்பினால் ரீல் உடைந்ததாக நினைக்காதீர்கள். உருளை கிளட்சுக்குள் யாரோ கிரீஸ் வைத்திருப்பார்கள். குளிரில் அது இறுகி உருளைகள் பிடிப்பதில்லை. கழற்றித் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவியும் தடவாமலும் வையுங்கள். கிரீஸ் கியருக்கு, எண்ணெய் பேரிங்குக்கு.

சென்னை வாசகர்: பாஸுக்குச் சொல்லும் ரீல் நம் ஊர்க் கொடுவாவுக்கு ஆகுமா? அதையும் 'சீ பாஸ்' என்கிறார்களே?

பெயர்தான் ஒன்று. லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன், சன்ஃபிஷ் குடும்பம். கொடுவா வேறு குடும்பம். பழவேற்காடு, முட்டுக்காடு போன்ற உப்பங்கழிகளில் வளர்வது, வலுவும் அதிகம். 2500 தாங்காது. 4000 அளவு ஸ்பின்னிங், 20 முதல் 30 பவுண்டு பிரெய்டு, நுனியில் 40 பவுண்டு தடித்த நரம்பு ஓரடி இரண்டடி. கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி. மெல்லிய நரம்பை ஒரே உரசலில் அறுத்துவிடும்.

உப்புத் தண்ணீரில் மலிவான ரீலைக் கொல்வது துருதான். வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி, குழாயைச் சன்னமாகத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வாளியில் முக்காதீர்கள், வேகமாகப் பீச்சவும் வேண்டாம். உப்பு உள்ளே போய்விடும். துடைத்துக் காயவைத்தபின் டிராக்கைத் தளர்த்திவிட்டு எடுத்து வையுங்கள்.