லோடு: முதலில் அது சுமையே இல்லை

லாரி செட்டில் கணக்கு எழுதுபவர்: நாள் முழுக்க 'லோடு ஏறிச்சா, லோடு இறங்கிச்சா' என்றுதான் பேச்சு. இந்தச் சொல் ஆங்கிலத்தில் எப்படி வந்தது சார்?

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இது 'லாட்'. அப்போது இதற்குச் சுமை என்ற பொருள் கிடையாது. வழி, பயணம், ஒன்றைக் கொண்டு போவது, இவைதான் பொருள். முன்னே போய் வழிநடத்துவதைச் சொல்லும் 'லீட்' இதன் உடன்பிறப்பு. கொண்டு போகும் வேலைக்கு இருந்த பெயர் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் கொண்டு போகும் சரக்கின் மேல் ஒட்டிக்கொண்டது. உங்கள் செட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 'மூணு நடை மணல் அடிச்சாச்சு' என்கிறீர்களே, நடை என்றால் நடப்பதுதானே? அங்கே அது மணலின் அளவாகிவிட்டது.

பழைய பொருள் செத்துப்போய்விடவில்லை. எல், ஓ, டி, இ என்று எழுதும் இன்னொரு 'லோட்' இருக்கிறது. அதுவும் இதே சொல்தான், பிற்காலத்தில் எழுத்தில் பிரிந்தது. கேம்பிரிட்ஜ்ஷயரின் சதுப்பு நிலத்தில் ரீச் லோட், பர்வெல் லோட் என்று வெட்டு வாய்க்கால்கள் உண்டு. படகு போன வழிகள். லோட் என்றே ஒரு கிராமமும் அங்கே இருக்கிறது.

கல்லூரி மாணவி: அப்படியானால் 'லோட்ஸ்டோன்' என்பது பாரமான கல் இல்லையா?

இல்லை அம்மா. வழிகாட்டும் கல். அதாவது காந்தக்கல். மாலுமிக்குத் திசை காட்டியதால் அந்தப் பெயர். 'லோட்ஸ்டார்' துருவ நட்சத்திரம், அதே காரணம். சுரங்கக்காரர்கள் கனிமம் ஓடும் தடத்தை 'லோட்' என்பதும் இதிலிருந்துதான்.

'லெட்' என்கிற ஈயம்? அதுவும் கனமானதுதானே?

சம்பந்தமில்லை. ஒலி ஒத்தால் உறவாகாது. இதை இன்று இன்னும் நாலு தடவையாவது சொல்ல வேண்டியிருக்கும்.

தூத்துக்குடியில் கப்பல் சரக்கு வேலை பார்ப்பவர்: எங்கள் 'பில் ஆஃப் லேடிங்'கில் வரும் லேடிங், லோடு இரண்டும் ஒன்றா?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. லேடிங்கின் மூலமான 'லேட்' வேறு குடும்பம். அதன் பழைய வடிவம் 'ஹ்லாடன்': ஏற்றுவது, தண்ணீர் முகப்பது. சாம்பார் ஊற்றும் கரண்டியை 'லேடில்' என்கிறார்களே, அது இதன் பிள்ளை. நீங்கள் கையெழுத்து வாங்கும் தாளும் ஹோட்டல் கரண்டியும் ஒரே வீடு. லோடு அடுத்த வீடு. ஆனால் ஒரே மாதிரி ஒலித்ததால் 'ஏற்றுவது' என்ற பொருள் லேட்டிடமிருந்து லோடுக்குத் தொற்றியது. லோடு சுமையானதில் லேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு லோடு என்பது எவ்வளவு? கணக்கு உண்டா?

இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் இருந்தது, சரக்குக்குச் சரக்கு மாறும். பழைய உலர்புல்லில் ஒரு லோடு என்றால் 36 கட்டு, கட்டுக்கு 56 பவுண்டு. ஆக 2016 பவுண்டு, ஏறக்குறைய 914 கிலோ. செதுக்கிய மரமென்றால் 50 கன அடி. நம்மூர் மணல் லோடு வண்டியைப் பொறுத்தது. அதனால்தான் 100 கன அடிக்கு 'யூனிட்' என்று வைத்துக்கொண்டார்கள்.

தமிழ் ஆர்வலர்: 'பர்டன்' என்பது நம் 'பாரம்'தானே? ஆங்கிலேயர் தமிழிலிருந்து எடுத்ததுதானே?

பாதி சரி. இரண்டும் உறவுதான், ஆனால் பாரம் தமிழ் வேர் இல்லை. சமஸ்கிருத 'பார'விலிருந்து நமக்கு வந்தது. சுமப்பதைக் குறிக்கும் மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து அங்கே பாரமும், ஆங்கிலத்தில் சுமப்பதைச் சொல்லும் 'பேர்', 'பர்டன்', 'பர்த்' ஆகியவையும் கிளைத்தன. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை, பங்காளிகள். நம் சொந்தச் சரக்கு சுமை, பொறை.

அதே ஆர்வலர்: 'பர்த்' என்றால் பிறப்பு. ஒலி, பொருள் இரண்டும் ஒத்துப்போகிறதே! இதையும் மறுப்பீர்களா?

மறுப்பேன். 'பர்த்' வயிற்றில் சுமப்பதிலிருந்து வந்தது. 'பிற' திராவிடச் சொல். தற்செயல்.

அதே ஆர்வலர்: ஒலி ஒத்தால் உறவில்லை என்கிறீர்கள். ஆனால் லேட்டைப் பார்த்து லோடு மாறியது என்றும் நீங்களே சொன்னீர்கள். உங்கள் விதி உங்களுக்கு இல்லையா?

சபாஷ், இது கேள்வி. பிறப்பால் உறவு வேறு, பழக்கத்தால் வரும் ஒற்றுமை வேறு. பக்கத்து வீட்டுப் பையன் உங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்தால் உங்கள் பேச்சுவழக்கு அவனுக்கு வரும், மரபணு வராது. லோடும் லேட்டும் ஒரே தெருவில், ஒரே வண்டிக்காரர் வாயில் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கியவை. அந்தக் காலத்து 'பர்த்'தும் நம் 'பிற'வும் எந்தத் தெருவில் சந்தித்தன?

பிறப்பால் உறவு என்று சொல்ல, ஒலி மாறுவதில் ஒழுங்கு வேண்டும். சமஸ்கிருதத்தின் மூச்சோடு வரும் 'ப'வுக்கு ஆங்கிலத்தில் சாதாரண 'ப' வரும்: 'ப்ராதர்', அங்கே 'பிரதர்'. 'பார', அங்கே 'பர்டன்'. இப்படி வரிசையாகக் காட்டினால் ஒப்புக்கொள்கிறேன். ஒற்றைச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்தால் மாட்டேன்.

பாட்டின் பல்லவியைக்கூட 'பர்டன்' என்கிறார்களே, பாட்டு பாரமா?

அது வேறு சொல்லின் கலப்பு. பிரெஞ்சில் 'பூர்தோன்' என்றால் அடிநாதம், சுருதிபோல் கீழே ஓடுவது. ஆங்கிலத்தில் வந்து பர்டனோடு கலந்துவிட்டது. இதுவும் பக்கத்து வீட்டுக் கதைதான்.

ஈயமும் லோடும் ஒரே வேரா?

மேலே பாருங்கள்.

வேலை தேடுபவர்: 'லைவ்லிஹுட்' என்ற சொல்லிலும் இது இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா, யாரோ கட்டிய கதையா என்று தெரியவில்லை.

உண்மை. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். பழைய வடிவம் 'லீஃப்லாட்'. லீஃப் என்றால் வாழ்க்கை, லாட் அந்தப் பழைய வழி. வாழும் வழி, பிழைக்கும் வழி. பின்னால் வந்தவர்களுக்கு 'லாட்' புரியவில்லை. கேட்டுப் பழகிய 'ஹுட்' வாலை ஒட்டிவிட்டார்கள். பிழைப்புக்கு வழி இல்லை என்று நாம் சொல்லும்போது, அவர்கள் தொலைத்த சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

லோடு தமிழா ஆங்கிலமா?

ஆங்கிலம்.

பத்து சக்கர வண்டியில் எத்தனை டன் லோடு ஏற்றலாம்?

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.