தலைசுற்றலுக்கு உடற்பயிற்சி: கேள்வி பதில்

பாலக்காட்டு எல்லையில் இயன்முறை சிகிச்சை செய்கிறேன். உட்செவிக் கோளாறால் வரும் தலைசுற்றல், தள்ளாட்டம் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

மூன்று மாதம் முன்பு ஒரு நாள் முழுக்க வாந்தியும் சுற்றலும். உட்செவி நரம்பில் அழற்சி என்றார்கள். இன்னும் தலையைத் திருப்பினால் தரை நகர்கிறது. அசையாமல் இரு என்கிறார்கள் வீட்டில். மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். (கொழிஞ்சாம்பாறை, 54 வயதுப் பெண்)

அம்மா, தயவுசெய்து அசையுங்கள். தலையின் அசைவைப் பற்றி இரண்டு காதுகளும் மூளைக்குச் சமமாகச் சேதி அனுப்ப வேண்டும். ஒன்று நலிந்ததால் கணக்கு பிசகிவிட்டது. தலை அசைந்து, பிழை தெரிந்தால்தான் மூளை கணக்கைத் திருத்திக்கொள்ளும். 1940களில் காதோர்ன், குக்ஸி என்ற பிரிட்டன் மருத்துவர்கள், எழுந்து நடமாடுபவர்களே சீக்கிரம் தேறுகிறார்கள் என்று கண்டு, அதற்கென்றே பயிற்சிகளை வகுத்தார்கள்.

உங்கள் வீட்டுச் சுவரில் மலையாளக் காலண்டர் இருக்கும். அதில் ஒரு தேதியைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, கை நீளத் தொலைவில் நாற்காலி போட்டு உட்காருங்கள். கண் அந்த எண்ணை விட்டு அகலக் கூடாது. தலையை மட்டும் இடமும் வலமுமாகச் சிறிதாகத் திருப்புங்கள். எண் கலங்காமல் தெரிகிற வேகமே உங்கள் வேகம். ஒரு நிமிடம் போதும். அடுத்து, மேலும் கீழுமாக ஒரு நிமிடம். நாளுக்கு மூன்று வேளை.

செய்யும்போது கிறுகிறுக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள், அந்தக் கிறுகிறுப்பில்தான் பாடம் இருக்கிறது. கால் மணி நேரத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மறுவேளை வேகத்தைக் குறையுங்கள். உட்கார்ந்து பழகியபின் நின்றும், பிறகு பாதங்களைச் சேர்த்து வைத்து நின்றும் செய்யுங்கள். அப்போது பின்னால் நாற்காலியும் பக்கத்தில் ஒரு ஆளும் இருக்கட்டும். அடுத்தது, திண்ணை ஓரமாகத் தலையைத் திருப்பியபடியே நடப்பது. பல வாரம் பிடிக்கும்.

சுற்றலை அடக்கும் மாத்திரை முதல் சில நாட்களுக்கு நல்லது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளை கற்பது தாமதப்படும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள்.

படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் மட்டும் அரை நிமிடம் உலகமே சுற்றுகிறது. எனக்கும் இதே பயிற்சியா? (மூணாறு, தேயிலைத் தோட்டத் தொழிலாளி)

இல்லை அக்கா, உங்களுக்கு வேறு. காதுக்குள் ஓரிடத்தில் ஒட்டியிருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் உதிர்ந்து, தலை திரும்புவதை உணரும் மூன்று அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள் போயிருக்கலாம். அவற்றை வெளியே உருட்டிவிட வேண்டும். எந்தக் காது, எந்தக் குழாய் என்று முதலில் மருத்துவர் உறுதி செய்யட்டும்.

வலக்காதின் பின்குழாய் என்றால் முறை இது: உட்கார்ந்து தலையை வலப்பக்கம் பாதியளவு திருப்புங்கள். தோளுக்கடியில் தலையணை வைத்து, தலை சற்றுத் தொங்கும்படி மல்லாந்து படுங்கள். சுற்றல் நின்றபின் இன்னும் அரை நிமிடம். தலையை மெதுவாக இடப்பக்கம் கொண்டுபோய் அதேபோல் காத்திருங்கள். பிறகு உடம்பையும் இடப்பக்கம் புரட்டி, முகம் தரையைப் பார்க்கும்படி மீண்டும் காத்திருந்து எழுங்கள். முதல் தடவை, இந்த முறையைக் கற்ற ஒருவர் உடனிருந்து செய்துவிடட்டும். ஓரிரு தடவையில் பலருக்குச் சரியாகிவிடும். கழுத்தில் கோளாறு இருந்தால் தனியாகச் செய்யவே வேண்டாம்.

தென்னையில் கள் இறக்குகிறேன். மருந்து சாப்பிட்டுக்கொண்டு ஏறலாமா? (வேலந்தாவளம், 38 வயது)

வேண்டாம் தம்பி. கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அண்ணாந்து பார்க்கிற அந்தக் கணத்திலேயே சுற்றல் வரக்கூடும், அப்போது பிடி தளரும். மருத்துவர் சரி என்று சொல்லும் வரை தரை வேலை மட்டும் செய்யுங்கள். அந்தி சாய்ந்தபின் வரப்பிலும் கிணற்று மேட்டிலும் நடக்காதீர்கள். காது தவறுகிறபோது உங்களைத் தாங்குவது கண்தான். இருட்டில் அதுவும் இல்லை.

காதில் இரைச்சல், காது மந்தம், மணிக்கணக்கில் சுற்றல். மெனியர் நோய் என்றார்கள். பயிற்சி உதவுமா? (குமுளி)

பயிற்சி அந்தத் தாக்குதல்களைத் தடுக்காது. இடைப்பட்ட நாட்களில் மிஞ்சும் தள்ளாட்டத்துக்கு உதவும். உப்பைக் குறையுங்கள், ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் கணக்கில் சேரும்.

எந்தத் தலைசுற்றலுக்குப் பயிற்சியை விட்டு ஓட வேண்டும்? (சித்தூர்)

நாக்கு குழறினாலோ, பார்வை இரட்டையானாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, இதுவரை இல்லாத கடும் தலைவலி சேர்ந்தாலோ, திடீரென நிற்கவே முடியாமல் போனாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துக்கொண்டிருக்காமல், அந்த நிமிடமே வண்டி பிடித்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.