நாயோடு புறநகர்ப் பயணமா? கிளம்பும் முன் ஒரு போன் போடுங்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது. வார இறுதிகளில் அதையும் கூட்டிக்கொண்டு நகருக்கு வெளியே போய், சுற்றிப் பார்த்துச் சாப்பிட்டு வர ஆசை. நாய்களுக்கு அனுமதி உண்டு என்று போட்டிருந்த ஓர் உணவகத்துக்குப் போனோம். நடைபாதை ஓரமாக, வெயிலில் ஒரு மேசையைக் காட்டினார்கள். பரிமாற வந்தவரைப் பார்த்து அது குரைக்க, பாதியில் எழுந்து வந்துவிட்டோம். இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? நாயை எப்படித் தயார் செய்வது?

பதில்: நாயை விடுகிற கடைகள் எல்லாம் ஒரே மாதிரி விடுவதில்லை. சில இடங்களில் வெளி மேசை மட்டும், சில இடங்களில் சின்ன நாய் மட்டும், சில இடங்களில் கூட்டமில்லாத நேரத்தில் மட்டும். இணையத்தில் இருக்கும் தகவல் பழசாகவும் இருக்கலாம். அதனால் போன் செய்யுங்கள். "நாய் வரலாமா?" என்று மட்டும் கேட்டால் "வாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெரிய லாப்ரடார் என்பதைச் சொல்லுங்கள். எந்த மேசை தருவார்கள், அந்த நேரத்தில் அங்கே நிழல் இருக்குமா, கடையில் பூனையோ வேறு நாயோ உண்டா என்று கேளுங்கள். கேட்டதற்கு நேராகப் பதில் வந்தால் நம்பிப் போகலாம். "வாங்க, பார்த்துக்கலாம்" என்றால் நானாக இருந்தால் வேறு கடை பார்ப்பேன்.

மேசை விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். ஒரு பக்கம் சுவரோ வேலியோ இருக்கும் மூலை மேசைதான் நல்லது. சமையலறைக் கதவு, கழிப்பறைக்குப் போகிற வழி இரண்டுக்கும் தள்ளி இருக்க வேண்டும். பரிமாறுபவர் எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று பார்த்து, நாயை அதற்கு எதிர்ப்பக்கம் படுக்க வையுங்கள். உங்கள் நாய் குரைத்ததைக் கெட்ட குணம் என்று முடிவு கட்ட வேண்டாம். குறுகலான இடத்தில், கயிற்றின் பிடியில் இருக்கும் நாயின் தலைக்கு மேல் முன்பின் தெரியாத ஆள் தட்டோடு குனிகிறார். விலகிப் போக வழியில்லை. அது வேறு என்ன செய்யும்?

கயிறு இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். இழுக்க இழுக்க நீளும் வகை உணவகத்துக்கு ஆகவே ஆகாது. நாற்காலிக் காலில் கட்டுவதும் கூடாது. நாய் திடுக்கிட்டு ஓடினால் நாற்காலியும் கூடவே போகும், அந்தச் சத்தத்துக்குப் பயந்து இன்னும் வேகமாக ஓடும். கைப்பிடி உங்கள் கையில் இருக்கட்டும். கயிற்றின் நடுப்பகுதியை, நாய் எழவும் திரும்பிப் படுக்கவும் முடிகிற அளவு தளர்வு விட்டு, காலடியில் மிதித்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பில் பாதி வீட்டிலேயே நடக்க வேண்டியது. ஒரு சின்ன விரிப்பை எடுத்து, நீங்கள் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் போடுங்கள். அதில் படுத்ததும் ஒரு துண்டுத் தீனி. எழாமல் இருந்தால் இன்னொன்று. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். வீட்டில் சரியாக வந்ததும் வாசலில், அப்புறம் ஆள் நடமாட்டமுள்ள பூங்கா பெஞ்சில். நண்பர் ஒருவரைத் தட்டோடு வந்து வந்து போகச் சொல்லி, அவர் வரும்போதெல்லாம் தீனி கொடுங்கள். தட்டோடு ஆள் வந்தால் நல்லது நடக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். முதல் உணவக விஜயம் ஏதாவது குடித்துவிட்டுக் கிளம்புவதோடு நிற்கட்டும். முழுச் சாப்பாடெல்லாம் பிறகு.

நாள் திட்டத்தில் நடை முதலில், சாப்பாடு பிறகு. நன்றாக நடந்து, மோந்து பார்த்து, அலுத்துப் போன நாய்தான் மேசைக்கடியில் தூங்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாய்க்குக் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே லேசாகக் கொடுத்துவிடுங்கள், காரில் வாந்தி எடுப்பது குறையும்.

நடக்க எங்கே போவது? நாய்ப் பூங்காவை நான் முதலில் சொல்ல மாட்டேன். தெரியாத பத்து நாய்கள் ஓடியாடும் இடம் எல்லா நாய்க்கும் ஒத்துவராது. போவதானால் ஒன்றைத் தாண்டி இன்னொன்றாக இரட்டைக் கதவு உள்ள இடமாகப் பார்த்து, வெளியே நின்று கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு உள்ளே போங்கள். அகலமான, ஆள் குறைந்த நடைபாதை உங்களுக்கு இன்னும் பொருந்தும். காட்டுயிர் உள்ள இடங்களில் நாய்க்குத் தடை இருக்கலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏரிக்கரை என்றால் கூடுதல் கவனம் தேவை. லாப்ரடாருக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நிற்காது. நீர்ப்பரப்பில் பச்சை வண்ணம் கொட்டியது போல் ஆடை படிந்திருந்தால் கயிற்றை விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி சில நேரங்களில் உண்டாக்கும் நச்சு கல்லீரலையும் நரம்பையும் தாக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த நாய் சில மணி நேரத்திலேயே இறந்துபோகலாம். குடிக்க வீட்டுத் தண்ணீரும் சொந்தக் கிண்ணமும் எடுத்துப் போங்கள்.

வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் ஆகாது. கடையில் நாயை விட மறுத்தால் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது மட்டும் கூடவே கூடாது. வெளியே 22 டிகிரி என்று இதமாக இருந்தாலும், வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை.

மேசையிலிருந்து ஊட்ட வேண்டாம், பக்கத்து மேசைக்காரர்களும் ஊட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டி) சேர்த்த இனிப்பு எல்லாமே நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு உடைந்து தொண்டையையோ குடலையோ குத்தும்.

சாப்பாடு வந்ததும் பில்லையும் கேட்டு வாங்கிப் பணம் கொடுத்துவிடுவது என் பழக்கம். காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது இவையெல்லாம் குரைப்புக்கு முந்தைய அறிகுறிகள். பணம் கொடுத்தாகிவிட்டது என்றால், இவை தெரிந்த உடனே எழுந்து போக வசதியாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் காதுக்குள், விரலிடுக்கில், அக்குளில், தொடையிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் முனை சிறுத்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்கவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், சோர்வு, தீனியில் நாட்டமின்மை தெரிந்தால், எங்கே போனீர்கள், உண்ணி எடுத்தீர்களா என்பதையும் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.