ரசத்தின் மணம் எங்கே போனது?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக எனக்கு சைனஸ் தொல்லை இருக்கிறது. சில மாதங்களாக, ரசத்தில் புளிப்பும் உப்பும் தெரிகின்றனவே தவிர, பெருங்காயமும் கொத்தமல்லியும் தெரிவதில்லை. நான் சமைத்தால் உப்பு கூடிவிடுவதாக வீட்டில் சொல்கிறார்கள். நாக்கில் ஏதேனும் கோளாறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: புளிப்பும் உப்பும் தெரிகின்றன என்று நீங்களே எழுதியிருப்பதால், பழுது பெரும்பாலும் நாக்கில் இல்லை என்றே கொள்ளலாம். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் தெரியும் சுவை) ஆகியவற்றையே நாக்கின் சுவை மொட்டுகள் அறியும். அறுசுவையில் நாம் சேர்த்து எண்ணும் காரம்கூட, உண்மையில் எரிச்சலை உணரும் நரம்பின் வேலைதான். பெருங்காயத்தின் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணமே. உணவை மென்று விழுங்கும்போது அதன் ஆவி தொண்டையின் பின்புறமாக மேலேறி, மூக்கின் உச்சியில் மண உணர்வுச் செல்கள் அமைந்துள்ள குறுகிய இடுக்கை அடைகிறது. வீட்டிலுள்ளவர் ஒருவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் மிட்டாயைச் சுவைக்கச் சொல்லுங்கள். விரலை எடுக்கும் வரை அவருக்கு இனிப்பு மட்டுமே தெரியும்.

12 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சைனஸ் அழற்சியில், வீங்கிய சவ்வும் சளியும், சிலருக்கு மூக்கினுள் வளரும் சதையும் அந்த இடுக்கை அடைத்துவிடுகின்றன. அடைப்பு மட்டுமே காரணமன்று. அழற்சி மண உணர்வுச் செல்களையே பாதிப்பதால், மூச்சு தாராளமாக வந்துபோகும் சிலருக்கும் மணம் தெரியாமல் போகிறது. மணம் குறைந்த உணவு சப்பென்று இருப்பதால் கை தானாக உப்பை நாடுகிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பி (மூக்கினுள் மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் சோதனை) மூலம் பார்த்தால் சதை வளர்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் முதற்கட்டச் சிகிச்சை. அவற்றால் குணமாகாதபோது அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படும். கழுவும் நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாய்நீர் கூடவே கூடாது. மருந்துக்கடையில் தாமாகவே வாங்கும் அடைப்புநீக்கிச் சொட்டு மருந்தைப் பலர் மாதக்கணக்கில் விடுகிறார்கள். சில நாள்களுக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

சிகிச்சை பலன் தரும் வரை உப்பு பார்க்கும் பொறுப்பை வேறொருவரிடம் விடுங்கள். எரிவாயுக் கசிவின் வாடையும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால், அடுப்பை அணைத்தபின் சிலிண்டர் வால்வையும் மூடிவிடுங்கள்.