சீருடையில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் வேறு பெயர்

கேள்வி: என் கணவர் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் லோடராக ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். அதற்குள் மூன்று காண்ட்ராக்ட் நிறுவனங்கள் மாறின. வேலை மட்டும் மாறவில்லை. 2020 ஊரடங்கில் இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்துவிட்டு, "கூப்பிடும்போது வாங்க" என்று அனுப்பினார்கள். கூப்பிடவே இல்லை. இப்போது டிப்ளமா முடித்த என் மகன் அதே விமான நிலையத்தில் ஒரு தரைப்பணி நிறுவனத்தின் நியமனக் கடிதத்தோடு வந்து நிற்கிறான். "அமெரிக்காவில் அரசாங்கமே சம்பளம் கொடுத்துக் காப்பாற்றியது, இங்கே யார் கேட்டார்கள்? போக வேண்டாம்" என்கிறார் அவன் அப்பா. மீண்டும் அப்படியொரு காலம் வந்தால் அவனுக்கு என்ன பாதுகாப்பு? சேர விடலாமா?
– ஒரு வாசகி, பல்லாவரம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவர் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை அவர் நினைப்பதைவிடச் சற்றுச் சிக்கலானது. அதைத் தெரிந்துகொண்டால், மகனின் கடிதத்தில் எந்த வரியை முதலில் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

2020 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான கேர்ஸ் சட்டம், விமானத் துறை ஊழியர்களின் சம்பளத்துக்கென்றே 3,200 கோடி டாலரை ஒதுக்கியது. அதில் பயணிகள் விமான நிறுவனங்களுக்கு 2,500 கோடி, சரக்கு நிறுவனங்களுக்கு 400 கோடி, உங்கள் கணவரைப் போன்றவர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்த நிறுவனங்களுக்கு 300 கோடி. பணத்தை வாங்கிய நிறுவனம் செப்டம்பர் 30 வரை எவரையும் கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சம்பள விகிதத்தைக் குறைக்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு கொடுக்கவும் தடை இருந்தது. என்னைக் கேட்டால், தொகையைவிட இந்த நிபந்தனைகள்தாம் அந்தச் சட்டத்தின் உயிர்.

அந்தப் பாதுகாப்புக்கு ஒரு கெடு நாள் இருந்ததையும் சொல்லியாக வேண்டும். கெடு முடிந்த மறுநாளே, அக்டோபர் 1 அன்று, அமெரிக்கன் ஏர்லைன்ஸும் யுனைட்டெடும் சேர்ந்து ஏறக்குறைய 32,000 பேரைச் சம்பளமின்றி அனுப்பின. டிசம்பரில் இன்னொரு சட்டம் வந்து 1,500 கோடி டாலர் கொடுத்த பிறகுதான் அவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஒப்பந்த ஊழியர்களின் கதை இதைவிடக் கசப்பானது. உதவித் தொகை 2019ஆம் ஆண்டின் சம்பளக் கணக்கை வைத்து முடிவானதால், சில ஒப்பந்த நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை முதலில் வெளியேற்றிவிட்டு, பிறகு அவர்களையும் சேர்த்த பழைய கணக்குக்கே பணம் வாங்கின என்று நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை வைத்தது. விமான நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இருந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, அதே விமானத்தின் வயிற்றில் குனிந்து பெட்டி அடுக்கியவருக்கு அப்படியே கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. அங்கே ஜாப்கீப்பர் திட்டத்தில் ஊழியர் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு 1,500 ஆஸ்திரேலிய டாலர் வீதம் நிறுவனத்தின் வழியாகக் கொடுத்தார்கள். வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கு இது பொருந்தாது என்று 2020 மே மாதம் விதி வந்தது. துபாய் அரசுக்குச் சொந்தமான டினாட்டா என்ற தரைப்பணி நிறுவனத்தின் ஊழியர்கள், ஆஸ்திரேலியக் குடிமக்களாகவே இருந்தும், தங்கள் முதலாளி யார் என்ற ஒரே காரணத்தால் விலக்கப்பட்டார்கள். அதே நாட்டின் குவாண்டாஸ் நிறுவனம், தன் நேரடிப் பட்டியலில் இருந்த தரைப்பணி ஊழியர் சுமார் 1,700 பேரின் வேலையை வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்கப்போவதாக அந்த ஆண்டு நவம்பரில் அறிவித்தது. தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது; 2023 செப்டம்பரில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று ஏகமனதாக உறுதி செய்தது. 12 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும், 2025இல் 9 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் பின்னர் வந்தன. நியாயம் கிடைத்தது, போன வேலை திரும்பவில்லை.

நம் ஊரிலிருந்து பலர் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில், விமானத் துறைக்கு மாதச் சம்பளத்தின் முதல் 4,600 சிங்கப்பூர் டாலரில் 75 விழுக்காடு வரை அரசு கொடுத்தது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே.

இந்தியாவுக்கு வருவோம். உள்நாட்டு விமானங்கள் 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் நின்றன. வழக்கமான பன்னாட்டுச் சேவை 2022 மார்ச் 27இல்தான் மீண்டது. ஊரடங்கில் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் போட்ட ஆணை, மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. விமான நிறுவனங்களின் ஊழியருக்கென்று சம்பள மானியம் எதுவும் வரவில்லை. ஜூலையில் இண்டிகோ பத்து விழுக்காடு ஊழியரைக் குறைப்பதாக அறிவித்தது. அன்று அரசுக்குச் சொந்தமாயிருந்த ஏர் இந்தியாவே ஐந்து ஆண்டு வரை நீளக்கூடிய சம்பளமில்லா விடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆகவே உங்கள் கணவரின் கோபத்தில் நான் குறை காண மாட்டேன்.

ஆனாலும் மகனைச் சேர விடுங்கள் என்பதே என் எண்ணம். இருபது வயதில் விமான நிலையத்துக்குள் கிடைக்கும் பழக்கத்தை வெளியிலிருந்து பெற முடியாது. சேரும் முன் அந்தக் கடிதத்தை மூவரும் உட்கார்ந்து படியுங்கள். சட்டைப் பையில் பொறித்திருக்கும் விமான நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, கடிதத்தின் தலைப்பிலும் சம்பளச் சீட்டிலும் யார் பெயர் வரும் என்று பாருங்கள். நெருக்கடி வரும் நாளில் பொறுப்பேற்க வேண்டியவர் அவர்தான். வேலை முடியும் தேதி ஏதும் எழுதியிருந்தால் அதற்கு அடியில் கோடு போடுங்கள். அந்தத் தேதியில் வேலை முடிந்தால் அது சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. தேதி இல்லாத வேலையில் ஓராண்டு தொடர்ந்து இருந்தவரை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். உங்கள் கணவரின் ஒன்பது ஆண்டுக்கு அது 135 நாள் சம்பளம், கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை தனி. ஆனால் நிறுவனத்தின் பெயர் மாறும்போதெல்லாம் கணக்கைப் புதிதாகத் தொடங்கியிருந்தால் இரண்டுமே கைக்கு எட்டாமல் போகும். "கூப்பிடும்போது வாங்க" என்பதில் எழுத்து எதுவும் இல்லாததும் இதே நோக்கத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மகனின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பிடிப்பார்கள். அந்த அட்டையை ஆஸ்பத்திரிக்கு மட்டும் உரியதென்று பலரும் நினைக்கிறார்கள். வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை உதவித்தொகை தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் என்ற திட்டமும் அதில் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் அது சராசரி நாட்சம்பளத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டது, முதலாளியைத் தேடாமல் தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்கவும் வழி செய்யப்பட்டது. இதை உங்கள் கணவரிடம் அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவருடைய கணக்கையும் அப்படியே விட்டுவிட வேண்டாம். மூன்று நிறுவனங்களின் பி.எஃப். எண்களும் ஒரே யு.ஏ.என். (எல்லா பி.எஃப். கணக்குகளுக்கும் பொதுவான எண்) கீழ் வந்திருக்கின்றனவா என்று பாஸ்புக்கில் பாருங்கள். பாதிச் சம்பளம் வாங்கிய அந்த இரண்டு மாதத்துக்கும் பணம் கட்டியிருக்கிறார்களா, வேலையை விட்ட தேதி என்று எதைப் பதிந்திருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவராகவே விலகியதாகப் பதிந்திருந்தால், பழைய சம்பளச் சீட்டுகளோடு ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் உள்ள மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். விமானப் போக்குவரத்து மத்திய அரசின் வரம்பில் வரும் தொழில். காலம் கடந்துவிட்டது என்று அவர்கள் சொல்லக்கூடும். கிராஜுவிட்டி பற்றி மட்டுமாவது எழுத்தில் கேட்டுவிட்டு, மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். போகும்போது மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.